உங்கள் டிவிசனுக்கு ஒரு மண்சரிவு வரைபடம்: தோட்ட மக்களே செய்துகொள்ளும் முறை

தேயிலை மலையில் கான் (மழைத்தண்ணீர் வடிகால்) வெட்டி ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவிடம் ஒருமுறை அச்சடித்த வரைபடம் ஒன்றை விரித்துக் காட்டினேன். அவர் ஆயுள் முழுக்க வேலை செய்த மலைதான் அது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இதுல நம்ம மலை எங்க தம்பி இருக்கு?" என்று கேட்டார். மூன்று வாரம் கழித்து அதே மலையை அட்டையால் அடுக்கிச் செய்து கோயில் மண்டபத்தில் வைத்தோம். வந்தவர் முதலில் அதை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு பங்களா மேட்டிலிருந்து விரலை மெதுவாக இழுத்துக்கொண்டு வந்து, 9ஆம் நம்பர் மலைக்கும் பணிய லயத்துக்கும் (கீழே உள்ள வரிசை வீடுகள்) நடுவே ஒரு மடிப்பில் நிறுத்தினார். "இந்த எடத்துலதான் மூணு கான் ஒண்ணா சேருது. மழை நாளுல மண்வெட்டிய ஊனினா நிக்காது, ஆடும்." அச்சடித்த வரைபடத்தில் அந்த இடம் வெறும் பச்சை.

அந்த விரல் காட்டியதை எல்லோரும் பார்க்கும்படி பதிவது எப்படி, பதிந்ததை மழை நாளில் பயன்படுத்துவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு டிவிசன் (தோட்டத்தின் ஒரு பிரிவு), முப்பது நாற்பது குடும்பம், கொஞ்சம் சாமான், ஒரு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தால் போதும்.

இந்த முறை கடலோரத் தீவுகளில் நன்றாக வேரூன்றியது. பிஜியின் ஓவலாவ் தீவில் 2005இலும், கரீபியன் பக்கம் டொபேகோவில் 2012இலும், யூனியன் தீவில் அதற்கடுத்த ஆண்டும் ஊர்க்காரர்களே சேர்ந்து தங்கள் தீவை அட்டை அடுக்குகளால் செய்து, தங்களுக்குத் தெரிந்ததை அதன்மேல் குறித்தார்கள். அவர்களுக்குக் கடலரிப்பும் புயலும் கவலை. நமக்கு மண்சரிவு. ஆனாலும் நிலைமை ஒன்றுபோலத்தான் இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழை இலங்கையின் பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளைப் பக்கங்களைப் புரட்டிப்போட்டபோது, ரோட்டு உடைந்த ஒவ்வொரு தோட்டமும் தனித்தீவாகத்தான் கிடந்தது. போன் இல்லை, கரண்ட் இல்லை, வெளியிலிருந்து ஆள் வரவில்லை. அந்த நேரத்தில் தோட்டத்துக்குள் இருக்கும் அறிவுதான் கைகொடுக்கும்.

அரசாங்க வரைபடம் இருக்கும்போது இது எதற்கு

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலய வரைபடங்களை 1:50,000, 1:10,000 என்ற அளவுத்திட்டங்களில் செய்திருக்கிறது. அவை வேண்டும், அவற்றை மதிக்க வேண்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். பத்துக் காம்பரா (அறை வீடு) உள்ள ஒரு லயத்தின் நீளம் ஏறக்குறைய 100 அடி, அதாவது 30 மீற்றர். 1:50,000 வரைபடத்தில் அது அரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. பேனா முனைக்கு அடியில் மறைந்துவிடும். 1:10,000இல் 3 மில்லிமீற்றர். லயத்தில் எந்தக் காம்பராவுக்குப் பின்னால் சுவர் ஊறுகிறது, எந்தக் கான் அடைபட்டிருக்கிறது என்பதை அந்த அளவில் எப்படிக் குறிப்பது? நாம் செய்யப்போவது 1:2,500. அதில் அதே லயம் 12 மில்லிமீற்றர். ஒரு குண்டூசியைத் தொங்கல் வீட்டில் குத்தலாம், இன்னொன்றை நடுக் காம்பராவில் குத்தலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாம் செய்யும் வரைபடம் புவியியல் நிபுணரின் ஆய்வுக்கு மாற்று அல்ல. மண்ணுக்கு அடியில் பாறை எப்படிக் கிடக்கிறது என்பது நம் யாருக்கும் தெரியாது. அந்த நிபுணர் வரும்போது எங்கே முதலில் பார்க்க வேண்டும் என்று காட்டவும், அவர் வராத நாட்களில் நாம் எப்படி நடந்துகொள்வது என்று முடிவுசெய்யவும் இது.

யாரிடம் சொல்லித் தொடங்குவது

தோட்ட அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுங்கள். அனுமதி கேட்கிற தொனி வேண்டாம். இன்ன நாளில் இன்ன வேலை செய்கிறோம், வந்து பாருங்கள் என்று எழுதினால் போதும். மலைக்குள் நடக்க வேண்டியிருப்பதால் சொல்லாமல் செய்தால் பிறகு பிரச்சினை வரும். தொழிற்சங்கங்கள் பல இருக்கிற தோட்டமாக இருந்தால் எல்லாத் தலைவர்களையும் ஒரே நாளில் பார்த்துப் பேசுங்கள். ஒருவரிடம் முதலில் போனால் அது அவருடைய வேலையாகிவிடும், மற்றவர் வீட்டுக்காரர்கள் வரமாட்டார்கள்.

காலம் முக்கியம். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேல் பருவமழை மே மாதத்திலிருந்து தொடங்கும். அங்கே மார்ச், ஏப்ரலுக்குள் வேலையை முடிக்க வேண்டும். பண்டாரவளை, பசறை, ஹப்புத்தளைக்குக் கிழக்கே ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான் பெரிய மழை. அங்கே ஆகஸ்ட், செப்டெம்பர் நல்லது. சம்பள நாளையும் அதற்கடுத்த ஞாயிறையும் விட்டுவிடுங்கள். ஊரே டவுனுக்குப் போயிருக்கும்.

யார் யார் உட்கார வேண்டும்

பத்துப் பேர் போதும், ஆனால் சரியான பத்துப் பேர். கான் வெட்டியவர், கவ்வாத்துப் (தேயிலைச் செடி வெட்டும் வேலை) போனவர், பழைய கங்காணி ஒருவர். தண்ணீர் டேங்கியைப் பார்த்துக்கொள்பவர் கட்டாயம். குழாயில் தண்ணீர் எப்போது கலங்கியது, எப்போது நின்றது என்பது அவருக்குத்தான் மனப்பாடம். பிள்ளை மடுவத்து ஆயம்மா, ஏனென்றால் பகலில் மழை பிடித்தால் சிறுபிள்ளைகள் எல்லாம் அவர் பொறுப்பில். பாடசாலைப் பிள்ளைகள் இரண்டு பேர், அட்டை வெட்டவும் குறுக்கு வழிகளைச் சொல்லவும்.

கொழுந்தெடுக்கும் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலையின் ஒவ்வொரு நிரையிலும் வாரா வாரம் கால் வைத்து நடப்பவர்கள் அவர்கள். எங்கே மண் இளகியிருக்கிறது, எந்தத் தேயிலைச் செடி சாய்ந்திருக்கிறது, எங்கே புதிதாகச் சொதசொதவென்று இருக்கிறது என்பதை அவர்களின் பாதம் அறியும். ஆனால் பொதுக்கூட்டத்தில் ஆண்கள் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கமாட்டார்கள். அதனால் அவர்களுக்கென்று ஒரு அமர்வு வையுங்கள். மாலை 5 மணிக்கு வைத்தால் யாரும் வரமுடியாது, அடுப்புப் பற்றவைக்கிற நேரம். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுக் கூப்பிடுங்கள். எங்கள் அட்டை மாதிரியில் குத்திய ஊசிகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு மதியத்தில் வந்தவை.

மலையை அட்டையில் எழுப்புவது

கடையில் கிடைக்கும் பிஸ்கட் பெட்டி, சோப்புப் பெட்டி அட்டைகளைச் சேருங்கள். தடிப்பை அளவுகோலால் பாருங்கள். பத்து அட்டையை அடுக்கி அளந்து பத்தால் வகுத்தால் சரியான கணக்கு வரும். 4 மில்லிமீற்றர் இருந்தால் வேலை எளிது: 1:2,500 அளவுத்திட்டத்தில் 4 மில்லிமீற்றர் என்பது தரையில் 10 மீற்றர் உயரம். அதாவது 10 மீற்றர் இடைவெளிச் சமவுயரக் கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு) ஒன்றுக்கு ஒரு அட்டை. உங்கள் டிவிசனில் ஆற்றுக்கும் மலை முகட்டுக்கும் 200 மீற்றர் வித்தியாசம் என்றால் 20 அட்டை, மொத்தம் 8 சென்ரிமீற்றர் உயரம். ஒரு கிலோமீற்றர் நீளம் 40 சென்ரிமீற்றராக வரும். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகலாம். அட்டை மெல்லியதாக, 3 மில்லிமீற்றராக இருந்தாலும் பரவாயில்லை, 10 மீற்றருக்கு ஒன்று என்றே போடுங்கள். மலை கொஞ்சம் தட்டையாகத் தெரியும், அவ்வளவுதான்.

சமவுயரக் கோடுகளுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பிள்ளை வேண்டும். கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம். எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவும் இலவசம். 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து எடுத்தது, 30 மீற்றருக்கு ஒரு புள்ளி. இதில் இரண்டு குறை உண்டு. ஒரு முழு லயமே ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும், அதனால் மலையின் உருவம் மட்டும்தான் கிடைக்கும், நுணுக்கம் கிடைக்காது. அப்புறம், 2000க்குப் பிறகு வெட்டிய ரோட்டு, கட்டிய வீடு, தோண்டிய மரக்கறித் தோட்டம் எதுவும் அதில் இருக்காது. அவற்றை மக்கள்தான் சேர்க்க வேண்டும்.

கோடுகளை அச்சடித்து, கார்பன் தாள் வைத்து ஒவ்வொரு கோட்டையும் தனித்தனி அட்டையில் இறக்குங்கள். ஒவ்வொரு அட்டையிலும் அதற்கு மேலே வரும் அட்டை எங்கே உட்கார வேண்டும் என்பதையும் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இதை மறந்தால் பத்தாவது அட்டைக்குப் பிறகு மலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். மைதா மாவுப் பசையே போதும். அடுக்கி முடித்ததும் பழைய பத்திரிகைத் துண்டுகளைப் பசையில் நனைத்து மேலே ஒட்டிப் படிகளை மூடுங்கள். நம் ஊர் ஈரத்தில் இது நாலு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். பசையில் ஒரு கரண்டி துருசு கலந்தால் பூஞ்சணம் வராது, ஆனால் அது நஞ்சு, பிள்ளைகள் கை படக்கூடாது. நான் அதைத் தவிர்த்துவிட்டு, குசினி அடுப்புக்குப் பக்கத்தில் ஐந்து நாள் வைத்துக் காயவிட்டேன். காய்ந்ததும் வெள்ளைச் சுவர்ப் பூச்சு ஒரு தடவை.

கம்ப்யூட்டர் எதுவும் கிடைக்காவிட்டால் தரையில் வரையுங்கள். பிரட்டுக்களத்து (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடம்) சிமெந்துத் தரையில் சுண்ணக்கட்டியால் ஆறு, ரோட்டு, லயங்களை வரைந்து, கல்லையும் இலையையும் குறியாக வைத்தாலும் பாதி அறிவு வந்துவிடும். முடிந்ததும் மேலிருந்து போட்டோ எடுத்துத் தாளில் பிரதிசெய்துகொள்ளலாம்.

குறிகளை அவர்களே முடிவு செய்யட்டும்

கலர் தலைக் குண்டூசி, கம்பளி நூல், போஸ்டர் கலர். எந்த நிறம் எதற்கு என்பதை முதல் அமர்விலேயே பேசித் தீர்த்து, ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டுங்கள். எங்களுடையதில் நீல நூல் ஓடை, கறுப்பு நூல் கான், நீல ஊசி எப்போதும் ஓடும் ஊற்று, வெள்ளை ஊசி மழைக்கு மட்டும் வரும் ஊற்று. வற்றாத ஊற்றையும் மழை ஊற்றையும் பிரிக்க வேண்டும் என்பது ஒரு அக்காவின் யோசனை. அது நல்ல யோசனை என்பது பிறகு புரிந்தது: வெள்ளை ஊசிகள் எல்லாம் ஒரே வரிசையாக, கைவிடப்பட்ட ஒரு கானுக்குக் கீழே வந்து நின்றன. கான் அடைபட்டதால் மேலே ஓட வேண்டிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, கீழே கசிகிறது. அதைப் பார்த்ததும் அறையில் இருந்த எல்லோருமே பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

இலங்கையில் சரிவான தேயிலை மலையில் கான் ஏன் வெட்டினார்கள் என்பதை இளம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மழைத்தண்ணீரை மலையிலிருந்து பக்கவாட்டில் எடுத்துக்கொண்டு போய் ஓடையில் சேர்ப்பதற்குத்தான். கானில் மண் நிறைந்தாலும் அதன்மேல் மானாப்புல் மூடினாலும் தண்ணீர் நின்று ஊறும். ஊறிய மண்ணுக்குக் கனமும் கூடும், பிடிப்பும் குறையும். சரிவதற்கு வேறென்ன வேண்டும்.

எப்படிக் கேட்பது

"காலநிலை மாற்றத்தால் என்ன பாதிப்பு?" என்று கேட்டால் வானொலியில் கேட்டதைத் திருப்பிச் சொல்வார்கள். இடத்தையும் சம்பவத்தையும் வைத்துக் கேளுங்கள்.

ஆண்டுக் கணக்கு பலருக்கு நினைவிருக்காது, அதனால் எல்லோருக்கும் தெரிந்த நாட்களைக் கயிறாகக் கட்டிக்கொள்ளுங்கள். கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயங்கள் புதைந்தது 2014 ஒக்டோபர் 29. அரநாயக்கவில் மலை சரிந்தது 2016 மே 17. "மீரியபெத்த நடந்த வருசம் நம்ம தோட்டத்துல என்ன ஆச்சு?" என்று கேட்டால் பதில் கொட்டும். அதற்கு முந்தைய காலத்துக்குக் கல்யாணம், பிள்ளை பிறந்தது, பெரிய ஸ்ட்ரைக், கோயில் கும்பாபிஷேகம்.

இடத்தின் பெயர்களை விடாதீர்கள். மலை நம்பரைத் தவிர மக்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கும். ஊத்துக்காடு, உருண்ட கல்லு, சறுக்குப் பாதை என்று ஒரு பெயர் கேட்டால் உடனே "ஏன் அப்படிப் பேரு?" என்று கேளுங்கள். பெயர் வைத்தவர்கள் ஒன்றைப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள்.

எங்கள் அமர்வில் நடந்த ஒரு உரையாடலை அப்படியே தருகிறேன்.

"அம்மாயி, இந்தப் பீலித் தண்ணி எப்பவும் இப்படித்தானா?"

"இல்லையே. முந்தி வெயில் காலத்துலயும் கை தடிப்புக்கு ஓடும்."

"எப்ப கொறஞ்சுச்சு?"

"மேல ரோட்டு வெட்டுனாங்கல்ல, அதுக்கப்புறம். தண்ணி வேற பக்கம் போயிருச்சு."

"எந்தப் பக்கம்?"

அவர் யோசித்தார். பிறகு பக்கத்தில் இருந்த இன்னொரு பெண்ணைப் பார்த்து, "ஒங்க வீட்டுப் பின்சுவரு ஊறுதுன்னு சொன்னியேடி, அது எப்பயிலருந்து?" என்று கேட்டார்.

அந்த வீட்டின் பின்னால் ஒரு ஊசி வந்தது. நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது.

இரண்டு பேர் ஒரே சம்பவத்தை இரண்டு இடத்தில் சொன்னால் தீர்ப்புச் சொல்லாமல் இரண்டு ஊசியையும் குத்துங்கள், மலைக்குப் போய்ப் பார்க்கலாம். கண்ணால் பார்த்ததா, கேள்விப்பட்டதா என்பதையும் நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு நம்பர், ஒரு வரி.

மலையில் நடந்து பார்ப்பது

முகட்டிலிருந்து ஆறு வரைக்கும் ஒரே கோடாக இறங்குங்கள். மழை இல்லாத காலைப்பொழுது, நாலைந்து பேர், காலுக்குச் சவர்க்காரம் தடவிக்கொண்டால் அட்டை கடிக்காது. போனில் ஓஸ்மாண்ட் போன்ற ஒரு செயலியில் இடத்தைச் சேமியுங்கள். சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும்.

பார்க்க வேண்டியவை: நிலத்தில் அரைவட்டமான வெடிப்பு, சாய்ந்த சவுக்கு மரமும் போஸ்டும், புதிதாகக் கசியும் இடம், கானுக்குள் சரிந்த மண். லயத்துக்குள் வந்தால் சுவரில் மூலைக்கு மூலை ஓடும் விரிசல், திடீரென்று இறுகி மூட மறுக்கும் கதவு, பிளந்த சிமெந்துத் தரை. வெடிப்பைப் போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஒரு நெருப்புப்பெட்டி வையுங்கள், அளவு தெரியும்.

நில வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளைக்கம்பு அடியுங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஆணி. ஆணிக்கு ஆணி உள்ள தூரத்தை ஒவ்வொரு ஞாயிறும் அளந்து எழுதுங்கள். சுவர் விரிசலென்றால் இரண்டு பக்கமும் பென்சில் புள்ளி போதும். தூரம் கூடிக்கொண்டே போனால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டாம், அன்றே கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். வெடிப்பைக் களிமண்ணால் அடைத்து, மழைத்தண்ணீர் அதற்குள் இறங்காமல் திருப்பிவிடுவது நாமே செய்யக்கூடிய வேலை.

சில அறிகுறிகள் மழையின் நடுவில்தான் வரும். ஓடிக்கொண்டிருந்த ஓடை மழை பெய்யும்போதே திடீரென்று குறைவது மிக மோசமானது. மேலே மண் விழுந்து தண்ணீரைத் தடுத்திருக்கலாம். அது உடைந்தால் எல்லாம் ஒன்றாக வரும். தெளிந்த ஊற்று கலங்கி வருவது, மலைக்குள்ளிருந்து உறுமல் சத்தம், மரம் முறியும் சத்தம் கேட்பது. இவற்றில் ஒன்று கண்டாலும் அளவு பார்க்காமல் வெளியேற வேண்டும்.

மழையை நாமே அளப்பது

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையில் வரும் எண்களை லயத்துச் சுவரிலேயே பெரிதாக எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். பழைய ஆட்களுக்கு அங்குலக் கணக்கு வசதி: 75 மில்லிமீற்றர் என்பது 3 அங்குலம்.

அளக்க, பக்கம் நேராக இருக்கும் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று. மேல் மூன்றிலொரு பங்கை வெட்டி, தலைகீழாகப் புனல்போல உள்ளே வையுங்கள். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருக்கும், அதனால் நேராகத் தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூச்சியம் என்று கோடு போடுங்கள். அதற்குமேல் அளவுகோலை ஒட்டினால் ஒவ்வொரு மில்லிமீற்றரும் ஒரு மில்லிமீற்றர் மழை. கூரைத் தண்ணீரும் மரத்துச் சொட்டும் விழாத வெளியில், வேலிக்கம்பில் கட்டுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், காலை 7 மணிக்குப் பார்த்து எழுதி, பூச்சியக் கோட்டுக்கு மேலுள்ள தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பெருமழையில் மணிக்கு ஒருதரம் பார்க்க வேண்டும். போத்தல் நிறையும்முன் கொட்டி, கொட்டிய அளவைக் கணக்கில் சேருங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை எங்கள் பக்கத்துக்கான, வெளியேறச் சொல்லும் சிவப்பு எச்சரிக்கை தமிழில் கைக்கு வந்தபோது, முந்தைய இரவே மழை பெய்து ஓய்ந்திருந்தது. வேறொரு மொழியில் அது முன்பே வந்திருந்தது. அலுவலகத்தை நம்பி மட்டும் படுத்துத் தூங்க முடியாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற எண்ணையும் எல்லோருடைய போனிலும் பதிந்து வையுங்கள்.

இரவு 2 மணிக்கு எங்கே போவது

மாதிரியின் பெரிய பயன் இதில்தான். ஒவ்வொரு லயத்திலிருந்தும் பாதுகாப்பான இடத்துக்கு மஞ்சள் நூலில் வழி போடுங்கள். மூன்றைக் கவனியுங்கள். வழி ஓடையைக் கடக்கக்கூடாது. மண் வரும் பாதையில் நேரே கீழே இறங்காமல், குறுக்காக, பக்கத்து மேட்டுக்குப் போக வேண்டும். போய்ச் சேரும் இடமும் பாதுகாப்பானதாக இருக்க வேண்டும். கோயில், பாடசாலை என்று உடனே சொல்லிவிடுவோம். எங்கள் பாடசாலைக்குப் பின்னால் ஐந்து வெள்ளை ஊசி நின்றது. பக்கத்து டிவிசன் மண்டபத்தைத்தான் கடைசியில் தேர்ந்தோம்.

பிறகு பெயர் போடுங்கள். எந்த வீட்டில் நடக்க முடியாதவர், கைக்குழந்தை, நிறைமாதக்காரி. அவர்களை யார் தூக்குவது. யார் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது. இதை மாதிரியில் குத்தாதீர்கள், தனி நோட்டில் வைத்திருங்கள். போன் வேலை செய்யாது என்று வைத்துத் திட்டமிடுங்கள்: கோயில் மணி விடாமல் அடித்தால் வெளியேறு. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மாத்திரை, டோர்ச் ஒரு பிளாஸ்டிக் பையில், வாசல் ஆணியில்.

ஒரு இரவு, மழை இல்லாதபோது, நடந்து பாருங்கள். பகலில் 9 நிமிடம் எடுத்த வழி எங்களுக்கு இரவில் 25 நிமிடம் ஆனது. ஒரு பாட்டியைக் கதிரையில் வைத்துத் தூக்கினோம்; படிக்கட்டு திரும்பும் இடத்தில் கதிரை திரும்பவில்லை. அடுத்த வாரமே இளைஞர்கள் அந்த மூலையை வெட்டி அகலமாக்கினார்கள்.

அலுவலகங்களுக்கு எடுத்துச் செல்வது

மாதிரியைப் போட்டோ எடுத்து, ஊசி நோட்டின் பிரதியோடு பிரதேச செயலகத்துக்குக் கடிதம் கொடுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வைக் கேளுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். தமிழ் அரச கரும மொழி, தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

"இந்த இடம் ஆபத்து, எழும்புங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள், கையில் தாள் இருக்காது. மாற்றுக் காணி, வீடு கேட்கும்போது அந்தத் தாள் வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் லயம் பற்றிய ஆய்வறிக்கையைக் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மீரியபெத்தயில் ஆபத்து இருப்பது பல வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. சொன்னது காகிதத்தில் இருந்தது, மக்கள் லயத்திலேயே இருந்தார்கள். போக ஒரு துண்டு நிலம் இல்லாதவர்களிடம் வெளியேறு என்று மட்டும் சொல்லி என்ன பயன்? ஆகவே கடிதத்தில் ஆபத்தை மட்டும் எழுதாதீர்கள்; வரைபடத்தில் மக்கள் பாதுகாப்பானது என்று காட்டிய மேட்டு நிலங்களையும் பெயரோடு எழுதி, அவற்றையும் ஆய்வுசெய்யக் கேளுங்கள்.

மாதிரி யாருடையது

நான் முதலில் கலந்துகொண்ட வரைபட வேலை ஒரு பயிற்சிப் பட்டறையில் நடந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து எண்பது பேர் வரைந்தோம். அறிக்கைக்கு வேண்டும் என்று சொல்லி அந்தத் தாள்களைச் சுருட்டி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவே இல்லை. அதில் ஊற்றுகளைக் காட்டிய இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. அதனால் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்: மூலம் தோட்டத்தில், வெளியே போவது பிரதி மட்டும்.

பிரதியிலும் எல்லாமே போக வேண்டியதில்லை. ரோட்டு, பாலம், லயம் ஆகியவற்றைத் திறந்த வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி சேர்க்கலாம், மீட்புக்கு வருபவர்களுக்கு உதவும். மூலிகை எடுக்கும் இடம், சாமி இடம், யார் எங்கே அனுமதியில்லாமல் மரக்கறி போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் தோட்டத்துக்குள் நிற்கட்டும். எதை வெளியே விடுவது என்று கூட்டத்தில் கை தூக்கிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு ஒரு மாதம் முன்பு, மாதிரியைச் சுற்றி மறுபடியும் உட்காருங்கள். துப்புரவாக்கிய கானிலிருந்து ஊசியை எடுங்கள், புதிதாக ஊறும் இடத்தில் குத்துங்கள், எடுத்த ஊசியின் நம்பரையும் நோட்டில் விட்டுவைக்காமல் எழுதுங்கள். மாதிரியைப் பொலித்தீனால் மூடி, தரையிலிருந்து உயர்த்தி, கூரை ஒழுகாத மூலையில் வையுங்கள். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின்: மிச்சமுள்ள ஊசி, கம்பளி நூல், நோட்டு, பென்சில். மண்டபத்துச் சாவி இரண்டு வேண்டும். ஒன்று பூசாரியிடம், மற்றொன்று மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டில், இரவில் தட்டினால் எழும்புகிறவர் கையில்.